கடைசியாக வகுப்புக்கு வந்த நாள்

என் ஓவிக்கண்ணு, என் அம்முணி,

அம்மா எழுதுகிறேன். இங்கே பிளானோவில் நானும் அப்பாவும் சோறு தின்கிறோம், வேலைக்குப் போகிறோம், வருகிறோம். நீ அங்கே சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அப்படித்தான் எனக்குத் தெரியும். மழையில் டோல்வே ரோட்டில் கார் மோதிப் போய்ச் சேர்ந்துவிட்ட பிள்ளையிடம் சுகமா என்று கேட்பாள் ஒருத்தி என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், கேட்காமல் எழுத எனக்குக் கை வரவில்லை. சுகமா கண்ணு? ஐந்தாவதோடு நின்ற கை இது, எழுத்து முன்னே பின்னே இருக்கும், நீதான் கூட்டிப் படித்துக்கொள்வாயே. அழுவதற்காக எழுதவில்லை. இன்றைக்கு உன் காலேஜுக்குப் போய் வந்தோம். அங்கே ஒரு அதிசயத்தைப் பார்த்தேன், அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

முதலில் அப்பா கதையைச் சொல்கிறேன். உன்னை எரிக்கக் கொடுத்த அன்றைக்கு அந்த ஃபியூனரல் ஹோமில், பெட்டியை உள்ளே தள்ளுவதற்கு முன் அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நம் பக்கத்தில் செய்கிற மாதிரி எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டு, எம்பட புள்ள யாருக்காச்சும் தர வேண்டியது இருந்தாச் சொல்லுங்க சாமி, நான் குடுத்தர்றேன் என்று தமிழிலேயே கேட்டார். ஊரிலே அப்படிக் கேட்டால், வர வேண்டியது உள்ளவன் முன்னால் வந்து, பாக்கியை விட்டேன், போகச் சொல்லுங்க என்பான், இல்லை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்வான். அதற்குப் பிறகுதான் நெருப்பு. இங்கே உன்னோடு படித்த பெண்களெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ அவர்கள் காதில் அர்த்தம் சொன்னதும், சுருட்டை முடி வைத்த ஒரு பெண் அழுதுகொண்டே வந்து, அவள் எனக்கு எதுவும் தர வேண்டியது இல்லை, அவளுடைய குளிர் கோட்டு ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது என்றாள். அதை நீயே வைத்துக்கொள் என்று அப்பா அவள் தலையைத் தொட்டார். பிள்ளைக்கு ஒரு பாக்கியும் இல்லை, நல்லபடியாப் போயிட்டா என்று அன்றைக்கு அப்பா சொன்ன ஒரே ஆறுதல் அதுதான்.

அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து உன் பேருக்கு லோன் கம்பெனியில் இருந்து தபால் வந்தது. நீ அரசாங்கத்தில் படிப்புக்கு லோன் வாங்கியது எங்களுக்குத் தெரியும்தான், வேலைக்குப் போய்க் கட்டிக்கிறேன்பா என்று நீ சொன்னதும் தெரியும், ஆனால் அந்தத் துக்கத்தில் யாருக்கு அது ஞாபகம் வந்தது. அப்பா அந்தத் தபாலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். சபையில கும்பிட்டுக் கேட்டேன், கடன் குடுத்தவன் அங்க இல்லாமப் போயிட்டானே, எம்புள்ள பாக்கியோட போயிருக்கா புஷ்பா என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி. பகலெல்லாம் கடையில் அரிசி மூட்டை இறக்கிவிட்டு, சாயங்காலம் இன்னொரு குடோனுக்கும் மூட்டை தூக்கப் போக ஆரம்பித்தார். நெஞ்சிலே ஸ்டென்ட் வைத்த மனுஷன். உன் சான் ஹோசே அத்தை போனில், அண்ணா, டெத் சர்டிஃபிகேட்டை அனுப்பினா லோனை கேன்சல் பண்ணிடுவாங்களாம், எங்க ஆபீஸ்ல சொல்றாங்க என்றாள். அவ்வளவுதான், எம்புள்ள சாவைக் காட்டித் தள்ளுபடி வாங்கச் சொல்றியா என்று போனை வைத்துவிட்டார். உன் இறப்பு சர்டிஃபிகேட்டை சாமி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பிலே சொருகிக்கொண்டார். மாடிப்படி ஏறும்போது அவர் மூச்சு வாங்குவது எனக்குச் சமையல் கட்டு வரைக்கும் கேட்கும். உன்னைக் கொடுத்தாயிற்று, இந்த மனுஷனையும் கொடுத்துவிட்டு நான் இந்த ஊரில் என்ன செய்வேன் என்ற ஒரே பயம்தான் எனக்கு. சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். சாயங்காலம் ஆனால் குடோனுக்குக் கிளம்பிவிடுவார்.

கடைசியில் இன்றைக்குக் காலையில், சேர்த்த வரைக்கும் காலேஜில் குடுத்துட்டு வர்றேன், அவங்க மூலமாத்தானே வாங்கினா என்று கிளம்பினார். சர்டிஃபிகேட்டையும் எடுத்துக்கொண்டார், பிள்ளை பேரைச் சொன்னால் அடையாளம் கேட்பார்களாம். நானும் கட்டின சேலையோடு காரில் ஏறிக்கொண்டேன். பணத்தை ஒரு கவரில் போட்டு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தார். லோன் பார்க்கிற ஆபீசில் நாங்கள் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டுவிட்டு உள்ளேயிருந்து ஒரு அம்மாளைக் கூப்பிட்டார்கள். பத்மராணி என்று பேர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடச் சின்னவர்தான். உன் பேரைச் சொன்னதும், ஓவியாவின்ர அம்மாவோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா கவரை நீட்டினார். அந்த மஞ்சளைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணை, முதல் இருங்கோ, தண்ணி குடியுங்கோ, இந்தக் காசை நான் தொடேலாது, தொட்டா என்ர வேலை போயிடும் என்று சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சொன்னார்.

பிறகு அவர் சொன்னதைத்தான் உனக்கு எழுத வந்தேன். நான் என்னவோ நினைத்திருந்தேன் கண்ணு, பேங்க்காரன் கொடுக்கிற மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு கழுத்தைப் பிடிப்பார்கள் என்று. அப்படி இல்லையாம். இந்த லோன் கொடுக்கிற பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்கம் எத்தனை ரூல் போட்டிருக்கிறது தெரியுமா? தெரியும், நீ அதற்குள் போய் வந்தவள்தானே. முதல் தடவை லோன் கையில் வருவதற்கு முன்னால், இது கடன், திருப்பிக் கட்ட வேண்டியது என்று பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி சொல்லித்தான் ஆக வேண்டுமாம். பணம் வந்த பிறகும், வேண்டாம் என்றால் இன்ன தேதிக்குள் திருப்பிவிடலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஃபீஸ் போக மிச்சத்தைப் பள்ளிக்கூடம் தன் பெட்டியில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். படித்துப் போனவர்களில் ரொம்பப் பேர் கட்ட முடியாமல் போனால் பள்ளிக்கூடத்தையே கூப்பிட்டுக் கேட்பார்களாம், இனிமேல் நீ லோன் கொடுக்காதே என்று உரிமையைப் பிடுங்கிவிடுவார்களாம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பிள்ளை கட்டவில்லை என்றால் வாத்தியாரைக் கேட்கிற ஊரை நான் எங்கே பார்த்தேன்.

இதைவிடப் பெரியது ஒன்று. படிப்பு நடுவிலே நின்றால் பிள்ளை எந்த நாள் வரைக்கும் படித்தது என்று பார்த்து, படிக்காத நாளுக்கு உண்டான பணத்தை அரசாங்கத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அதற்காக நீ கடைசியாக எப்போது வகுப்புக்கு வந்தாய் என்று உன் வாத்தியார்களிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். போலீஸ்காரன், ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், ஃபியூனரல் ஹோம், எல்லோரும் நீ செத்த நாளைத்தான் கேட்டார்கள். நீ கடைசியாக வந்த நாளைக் கேட்டது இந்த ஒரு ரூல்தான் கண்ணு. பத்மராணி உன் கடைசி வகுப்பு எடுத்த டீச்சரையே போனில் பிடித்துக் கேட்டு எனக்குச் சொன்னார். நீ படித்தது பல் சுத்தம் செய்கிற படிப்பு இல்லையா, அன்றைக்குக் காலேஜ் கிளினிக்கில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவருக்கு நீ பல் சுத்தம் செய்தாயாம். அவர் பயந்த ஆளாம், நீ அவர் தோளைத் தட்டி ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தாயாம், அடுத்த தடவையும் இந்தப் பெண்ணிடம்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். எங்கோ வாஷிங்டனில் இருக்கிறவன் போட்ட ஒரு சட்டம் உன்னுடைய ஒரு முழு நாளை எடுத்து வந்து என் மடியில் வைத்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போய்விட்டது. கோயிலில் தீபாராதனை நேரத்தில் வரும் பார், அந்த மாதிரி.

அப்பா அப்போதும் அசையவில்லை. அதெல்லாம் செரிங்க, மீதிப் பாக்கி பாக்கிதானுங்களே, நான் குடுக்கோணும் என்றார். அதற்குப் பத்மராணி, இல்லை அண்ணை, வாங்கின பிள்ளை இறந்திட்டா அந்த லோனும் அதோட முடிஞ்சுது, தாய் தகப்பனிட்டக் கேக்கேலாது, இது நான் பாவம் பாத்துச் சொல்லுறதில்ல, அவ கையெழுத்து வச்ச பேப்பரிலயே இருக்கு, ஆருக்கும் ஒரு டொலர் குடுக்க முந்தியே எழுதி வச்சிருக்கினம் என்றார். எனக்கு அப்போதுதான் சட்டென்று புரிந்தது. நான் அப்பாவைப் பார்த்து, ஏனுங்க, நீங்க அன்னிக்குச் சபையில கும்பிட்டுக் கேட்டீங்களே, குடுத்தவன் வரலைன்னு இத்தனை நாளா மருகறீங்களே, அவன் முன்னாடியே வந்து, பாக்கிய விட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கானுங்க, நம்ம புள்ள வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கான், நமக்குத்தான் காதுல விழல என்றேன். சலுகை இல்லைங்க, அவன் சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லியிருக்கான், நாம போய் அதை வாங்கிக்கோணும், அதுதானுங்க மரியாதை என்றும் சொன்னேன். எனக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்தது என்று தெரியவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், பத்மராணியைப் பார்த்தார், ஆமாவா அம்மிணி என்று குழந்தை மாதிரி அவரிடம் கேட்டார். ஓம் அண்ணை என்றார் அவர். அப்பா சர்டிஃபிகேட்டை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு அந்த மேஜை மேலேயே தலையைச் சாய்த்து அழுதார். நீ போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது இன்றைக்குத்தான். குடோன்காரனுக்குப் போன் போட்டு இனிமேல் வரலை என்று காரிலேயே சொல்லிவிட்டார். இப்போது உள்ளே படுத்துத் தூங்குகிறார், மூச்சு சீராக வருகிறது.

கிளம்பும்போது பத்மராணி என்னைத் தனியாக நிறுத்தினார். அக்கா, இந்தப் பேப்பர் எல்லாம் போய்ச் சேர நாள் எடுக்கும், அதுக்குள்ள லோன் கொம்பனியில இருந்து உங்களுக்கு ஆரும் போன் எடுத்தா பயப்பிடாதேங்கோ, உங்கட பேரைத்தான் ஓவியா குடுத்தவ என்றார். லோன் வாங்குகிற பிள்ளை இரண்டு பேருடைய பேரைக் கொடுக்க வேண்டுமாம், பணத்துக்கு ஜாமீன் இல்லை, அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று எப்போது கேட்டாலும் சொல்லக்கூடிய ஆளாம். ஜன்னல் ஓரத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நீ அதைப் போடும்போது இவரிடம்தான் கேட்டாயாமே, ஆன்ட்டி, எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அவங்க பேரைப் போடலாமா என்று. இங்கிலீஷ் தெரிய வேணுமெண்டு ரூல் இல்லைப் பிள்ளை, நீ எங்க இருக்கிறாய் எண்டு அவவுக்குத் தெரிஞ்சாப் போதும் என்று இவர் சொன்னாராம். அப்போ எங்க அம்மாதான் ஃபர்ஸ்ட், அத்தை செகண்ட் என்று சிரித்துக்கொண்டே என் பேரை டைப் அடித்தாயாம். புஷ்பவல்லி என்று முழுசாக. என் பேரை ஒரு அரசாங்கம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறது, அதுவும் பணம் இருக்கிறதா, படிப்பு இருக்கிறதா என்று கேட்காமல், பிள்ளை இருக்கிற இடம் தெரியுமா என்று மட்டும் கேட்டு.

போகிற இடத்தில் உனக்கு ஒரு குறையும் வராது கண்ணு. யாரிடமும் உனக்கு ஒரு பாக்கியும் இல்லை, தலை நிமிர்ந்து போ. உன் தாத்தா அங்கே இருந்தால் அவர் பல்லையும் கொஞ்சம் பார், வெற்றிலை போட்டுக் கெடுத்து வைத்திருப்பார். நல்லா இரு, நல்லா இரு, நல்லா இரு.

உன் அம்மா,
புஷ்பவல்லி

நாளைக்கு அவர்கள் போன் செய்து கேட்டால் நான் சொல்ல வேண்டும், சொல்லு அம்முணி, நீ இப்போது எங்கே இருக்கிறாய்?