அஞ்சாவது தூக்கம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. நீ அங்க உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கணும், நான் கோவமா இருக்கிறதால அந்த வேண்டுதலை மட்டும் நிறுத்திட முடியுமா. நானும் அப்பாவும் உடம்பால சவுக்கியம். மத்ததைக் கேக்காத, நானே சொல்றேன், அதுக்குத்தான் எழுத உக்காந்தேன். போன்ல சொன்னா நடுவுல ஒரு நிமிஷம்மா ஒரு நிமிஷம்மான்னு ஆரம்பிப்ப, உன் குரல் கம்மும், நானும் இளகிப்போய் சரி விடுடான்னு வச்சிடுவேன். காகிதத்துல நீ குறுக்க பேச முடியாது. எழுதி முடிச்சதும் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன், காகிதத்தையும் தபால்ல போடுவேன், ஏன்னா போட்டோவை ஒரே தட்டுல அழிச்சிடுவ.

இந்தத் தடவை பட்டுப்புழு வாய்ச்ச மாதிரி எனக்கு எந்தத் தடவையும் வாய்ச்சதில்ல. அத்தனையும் ஒண்ணா தூங்கி ஒண்ணா எழுந்திரிச்சுதுங்க, ஒரு தட்டுலகூட சீக்கு கிடையாது. நாலாவது தோலை உரிச்சிட்டு எழுந்ததும் என்னா தீனி, இலை வெட்டி வெட்டி அப்பாவுக்கு தோள்பட்டை வீங்கிடுச்சு, இதுங்க மனுஷனைத் தின்னாம இருந்தா சரின்னு சிரிச்சாரு. தோல் உரிக்கிறதுக்காகத் தூங்குற நாலாவது தூக்கத்தோட பட்டுப்புழுவுக்குத் தூக்கம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் தின்னும், உடம்பு மினுங்கும், கூடு கட்டப் போயிடும். இது உனக்கு நான் சொல்லணுமா, தட்டுக்கு அடியில தவழ்ந்து வளந்தவன் நீ. அப்படிப்பட்ட புழு, காலையில இலையோட உள்ள போறேன், தலையைத் தூக்கிட்டு அசையாம நிக்குது. இந்தத் தட்டு, அடுத்த தட்டு, மேல் வரிசை, கீழ் வரிசை, எல்லாம். ராத்திரி போட்ட இலை போட்டபடி வாடிக் கிடக்குது. அஞ்சாவது தூக்கம்டா. இத்தனை வருஷத்துல நான் பார்க்காத தூக்கம். ஒண்ணை உள்ளங்கையில வச்சுப் பார்த்தேன், பழைய தலை மூக்கு நுனிக்குத் தள்ளிப்போயி தொங்குது, அதுக்குப் பின்னாடி புதுத் தலை வெளுப்பா எட்டிப் பார்க்குது. தோல் பாதி கழண்டு பாதி ஒட்டிக்கிட்டு, வாய் இருந்தும் திங்க முடியாம, ரெண்டு நாள்ல கறுத்துச் சுருங்கி எல்லாம் போச்சு. குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு மூடினோம். அப்பா மண்வெட்டியை வச்சிட்டு அந்தக் குழி மேட்டுலயே உக்காந்துட்டாரு, எழுப்பிக் கூட்டிட்டு வர எனக்குத் தாவு தீந்துபோச்சு.

பட்டு ஆபீஸ்ல இருந்து ஆய்வாளரம்மா வந்தாங்க. புழுவைக் கண்ணாடி வச்சுப் பார்த்தாங்க, தோட்டத்துல இலையைப் பறிச்சுப் பார்த்தாங்க, வேலிக்கு அந்தப் பக்கம் என்ன வெள்ளாமைன்னு கேட்டாங்க. என் மச்சினர் முட்டைக்கோஸ் போட்டிருக்காருன்னேன். அவர் வீட்டுக்குப் போயி மருந்து டப்பாவை வாங்கிப் பார்த்துட்டு வந்து, வாசப்படியில உக்காந்து பொறுமையா சொன்னாங்க. எனக்குப் புரிஞ்ச மட்டும் எழுதுறேன், தப்பா இருந்தா திருத்து, அதுக்குத்தானே உனக்கு அங்க சம்பளம். புழுவோட கழுத்துக்கிட்ட ஒரு சுரப்பி இருக்குதாம், தோல் உரிக்கிற நேரம் வந்தா அது ஒரு ஹார்மோனை விடுமாம். நம்ம உடம்புல பையனுக்கு மீசை முளைக்கிறதும், பொண்ணு பெரியவளாகிறதும், பயந்தா படபடப்பு வந்ததுக்கப்புறமும் உடம்பு தாக்குப்பிடிக்கிறதும் எந்த வகை ஹார்மோனாலயோ அதே வகைதானாம், ஸ்டீராய்டுன்னு பேரு, கொழுப்புல இருந்து உண்டாகிறது. நாம அந்தக் கொழுப்பை நாமளே செஞ்சுக்குவோம், புழுவுக்கு அது முடியாது, இலையில இருந்துதான் எடுத்துக்கணுமாம். அந்த ஹார்மோன் உடம்பு பூரா போயி, ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் தனக்குன்னு இருக்கிற இடத்துல, ஏற்பின்னு பேராம், அதுல போய் உக்காரும், உக்காந்தாத்தான் செல்லுக்கு உத்தரவு கிடைக்கும், புதுத் தோலைச் செய், பழசைக் கழட்டுன்னு. எனக்கு மாசாமாசம் வர்றது நின்னப்போ உடம்பு குப்புகுப்புன்னு கொதிச்சுதே, அது ஹார்மோன் வத்திப்போய் ஏற்பியெல்லாம் காலியா கிடந்ததாலதான்னும் அந்தம்மா சொன்னாங்க, டாக்டர்கூட எனக்கு அதை இவ்வளவு தெளிவா சொல்லல. சரி, என் கதை எதுக்கு. புழுவோட நிஜ ஹார்மோன் வந்து, உத்தரவு சொல்லிட்டு, குறைஞ்சு போயிடும். அது குறைஞ்சாத்தான் புழு தோலை முழுசா கழட்டிட்டு வெளிய வர முடியும். கோஸுக்கு அடிச்சு, காத்துல வந்து நம்ம இலை மேல படிஞ்ச இந்த மருந்து அதே ஏற்பியில போய் உக்காந்துக்கும், ஆனா எழுந்திரிக்காது. உரி உரின்னு உத்தரவு போய்க்கிட்டே இருக்கும், வேலை முடியவே முடியாது. மனுஷனோட ஏற்பி வேற மாதிரியாம், அதனால நமக்கு ஒண்ணும் பண்ணாது. தேனீக்கும் பண்ணாது. புழுவை மட்டும் கொல்லும். கோஸைத் துளைக்கிற புழுவும் புழுதான், என் தட்டுல இருந்ததும் புழுதான்.

அவ்வளவுதான், அப்பா எழுந்து நேரா சின்னவன் வீட்டுக்குப் போனாரு. உன் சித்தப்பாவை அவர் சின்னவன்னு கூப்பிடறதே அன்னியோட நின்னுபோச்சு. தெருவே வேடிக்கை பார்க்க நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டாரு. பொறாமைன்னாரு, என் வாயில மண்ணைப் போடத்தானே நீ காத்திருந்தன்னாரு, கூடப் பொறந்தவன் செய்யற வேலையாடா இதுன்னாரு. அந்த மனுஷன் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்க்கல அண்ணே, தப்புதான்னு அதையே சொல்லிட்டு நின்னாரு. எந்த மடையன்டா உனக்கு இந்த மருந்தைச் சொன்னதுன்னு அப்பா கேட்டாரு. கடையில கேட்டு வாங்கினேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்பா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டாரு. கூப்பிட்டு விசாரிச்சாங்க, ரெண்டு பேரும் அண்ணன் தம்பி, பேசித் தீத்துக்குங்கன்னாங்க. அப்பா ஒரே பிடியா, தெரிஞ்சே அடிச்சேன்னு இவன் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன், அப்புறம் இவன் யாரோ நான் யாரோன்னுட்டாரு. சித்தப்பா சரி போடறேன்னு சொல்லிட்டாரு. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.

தெரிஞ்சே செய்யாத மனுஷன் ஏன்டா சரின்னு சொன்னாருன்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்குக் காலையில தட்டுங்களைக் கழுவிக் காயவச்சிட்டு இருக்கேன், சித்தி பின்பக்கமா வந்து நின்னா. இவ்வளவு நாளா அவளைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனவதான் நான். அக்கா, என் புருஷன் பண்ணாத பாவத்துக்குக் கையெழுத்துப் போடப் போறாரு, அவர் என்னைக் கொன்னாலும் சரி, நான் சொல்லிடறேன்னு அழுதா. சொன்னா. உனக்குத் தெரிஞ்சதுதானே, நான் வேற எழுதணுமா? எழுதறேன், படி. கோஸ்ல புழு விழுந்துச்சுன்னு சித்தப்பா உனக்குப் போன் பண்ணியிருக்காரு. நீதான் இந்த மருந்துப் பேரைச் சொல்லியிருக்க. எங்க ஆபீஸ்ல இதுலதான் நான் வேலை பார்க்கிறேன், புழுவைத் தவிர யாருக்கும் ஒண்ணும் ஆகாது, தைரியமா அடிங்க சித்தப்பான்னு. முகத்துக்குத் துணி கட்டச் சொன்னியாம், கையைக் கழுவச் சொன்னியாம். அவர் கைமேல அவ்வளவு அக்கறை. வேலிக்கு இந்தப் பக்கம் உன் ஆத்தா என்ன வளக்கிறான்னு மட்டும் உனக்கு ஞாபகம் வரல. டேய், பெரிய விஞ்ஞானி, உன் பல்லுக்குக் கம்பி கட்டினதுல இருந்து விமானம் ஏத்தினது வரைக்கும் காசு எதுலடா வந்துச்சு?

அதைக்கூட நான் பொறுத்துக்குவேன். மறதி எவனுக்கு இல்ல. வேலை மும்முரத்துல சொல்லிட்ட, நடந்துபோச்சு. புழு செத்த அன்னிக்கே சித்தப்பா உனக்குச் சொல்லியிருக்காரு. நீ அழுதியாம். அப்பாவுக்குத் தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டாரு, சொல்லிடாதீங்க சித்தப்பான்னு கெஞ்சினியாம். அவர் பாவம் வாக்குக் குடுத்துட்டாரு. நீ காலேஜ் சேந்தப்போ உன் பெட்டியைத் தோள்ல வச்சுக்கிட்டு ஹாஸ்டல்ல நாலு மாடி ஏறினவராச்சே, இதையும் தூக்கிக்கலாம்னு நினைச்சிருப்பாரு. நீயும் அப்பாடான்னு இறக்கி வச்சிட்ட. சரி, பயம். அதையும் விடு. போன ஞாயித்துக்கிழமை அப்பா உன்கிட்ட போன்ல தம்பியைக் கரிச்சுக் கொட்டினாரே, அப்போ நீ என்னடா சொன்ன? ஆமாப்பா, சித்தப்பா கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்னு சொன்ன. நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தேன். என் பிள்ளை எவ்வளவு நிதானமா பேசறான்னு அப்போ எனக்குப் பெருமை வேற. சித்தி சொல்லி முடிச்சதும் அந்த வார்த்தைதான் திரும்பக் காதுல விழுந்துச்சு. கையில இருந்த தட்டை விட்டெறிஞ்சேன், அது உடைஞ்சுபோச்சு, உக்காந்து அழுதேன். புழு போனதுக்கு நான் இப்படி அழலடா. அடுத்த மாசம் முட்டை வாங்கினா புழு வரும்.

அப்பாகிட்ட நான் இன்னும் வாயைத் திறக்கல. திறக்கவும் மாட்டேன். சித்திகிட்டயும் பொறுன்னு சொல்லியிருக்கேன். நான் சொன்னா அது பொண்டாட்டி சொன்னதா இருக்கும், சித்தி சொன்னா புருஷனைக் காப்பாத்தச் சொன்னதா இருக்கும், அப்பா நம்பாமக்கூடப் போகலாம். உன் வாயால நீ சொல்லணும், வியாழக்கிழமைக்கு முன்னாடி சொல்லணும். அந்தக் காகிதத்துல தம்பி கையெழுத்துப் போட்டு அண்ணன் அதை வாங்கி வச்சுக்கிட்டாருன்னா, அப்புறம் நீ உண்மையைச் சொன்னாலும் அப்பா எந்த முகத்தோட அந்த வீட்டு வாசல் ஏறுவாரு? அந்த அவமானத்தையும் சேர்த்து அவர் தலையில கட்டாத. மருந்துல இப்படி, காத்துல அப்படின்னு உன் படிப்பை எடுத்து விட்டுப் பூசி மெழுகாத. நான்தாம்பா மருந்துப் பேரைச் சொன்னேன், நான்தாம்பா சித்தப்பாவை மறைக்கச் சொன்னேன், அவ்வளவு போதும்.

இன்னொண்ணு, உன் புத்தி எனக்குத் தெரியும், நீ முதல்ல சித்தப்பாவுக்குத்தான் போன் பண்ணப் பார்ப்ப. பண்ணாத. அவர் முதல் மணியிலயே எடுப்பாரு, நீ வாயைத் திறக்கிறதுக்குள்ள பரவாயில்லடா கண்ணுன்னு சொல்லிடுவாரு, உனக்கும் அது போதும்னு ஆயிடும். அப்பா அப்படிச் சொல்ல மாட்டாரு. கத்துவாரு, நீ என் பிள்ளையே இல்லம்பாரு, அதுக்கு மேலயும் சொல்லுவாரு. அவருக்குத்தான் பண்ணணும்.

குளிருக்குக் கனமான சட்டை வாங்கிப் போட்டுக்கோ, போன தடவை பார்த்தப்போ கன்னம் ஒட்டிப்போயிருந்துச்சு, காலையில வெறும் வயித்தோட ஓடாத. கோவத்துல நிறைய எழுதிட்டேன், அதுல ஒரு வார்த்தையையும் திருப்பி வாங்கிக்கல. நீ நல்லா இருக்கணும், நூறு வருஷம் இருக்கணும், உன் கை தொட்டதெல்லாம் விளங்கணும், இப்பவும் அதைத்தான் கேட்டுக்கிறேன். புதன்கிழமை காலையில அப்பா வீட்லதான் இருப்பாரு. போன் அடிக்கும்போது நான் எடுக்க மாட்டேன். அவர் திட்டி முடிக்கிற வரைக்கும் நீ வைக்காத.

இப்படிக்கு,
உன்மேல கொதிச்சுப்போயிருக்கிற
உன் அம்மா