அமலி-3

சன்னிவேல்
17 செப்டம்பர் 2023

அன்புள்ள அமலி அக்கா,

நேற்று விருது விழாவில் உங்களிடம் நான் சொல்லாதது இதுதான்: அமலி-3 கணையப் புற்றுச் செல் இல்லை.

மேடையிலிருந்து என்னைக் காட்டி, "என் லேப்ல இருந்து போன பிள்ள" என்றீர்கள். நான் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். உங்கள் பெயர் வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் நீங்கள் அனுப்பிய செல்களுக்குப் போன வாரம் டி.என்.ஏ. சோதனை செய்திருந்தேன். அவை கருப்பைவாய்ப் புற்றுச் செல்கள். எந்த லேபில் நுழைந்தாலும் களையாய்ப் பரவுமே, அதே வகை.

நீங்கள் உறையவைத்திருக்கும் முதல் குப்பியைச் சோதித்துப் பாருங்கள். அந்தச் செல்களைக் கொன்ற மருந்தைத்தான் ஹூஸ்டனில் நடக்கும் மருந்துச் சோதனையில், அந்த டிரையலில், கணையப் புற்று நோயாளிகளுக்குக் கொடுக்கப் போகிறார்கள்.

உங்கள் தம்பி ஜாக்சன் அண்ணனுக்கும் அதே நோய்தானே, கீமோ எப்படிப் போகிறது?

ஷைனா

பிரிட்ஜ்வாட்டர்
2 அக்டோபர் 2023

பிரியமுள்ள ஷைனா,

செல்லுக்கு ஊற்றும் ஊட்டநீரைக் கஞ்சி என்போமே, ஒரே கஞ்சி பாட்டிலை இரண்டு வகைச் செல்லுக்கும் எடுக்காதே என்று உன்னை எத்தனை முறை திட்டியிருப்பேன்! ஒரு செல் மற்றதில் கலக்க ஒரு துளி போதும். கெட்டது உன் குப்பிதான். என்னுடையது சுத்தம், அதை உருக்க வேண்டியதில்லை.

ஜாக்சன் கீமோவை நிறுத்திவிட்டான். டிரையலில் சேர அது கட்டாயம். கட்டி சுருங்கிவரும்போது ஏன் நிறுத்துகிறீர்கள் என்று அவன் டாக்டர் முணுமுணுத்தார். நான்தான் பேசி இடம் வாங்கினேன். "அக்காக்க செல்லு, அக்காக்க மருந்து, பின்ன என்ன பயம்?" என்கிறான். அவனைக் குழப்பாதே.

உன் கிரீன் கார்டுக்கான சிபாரிசுக் கடிதம் தயார். இந்தப் பேச்சு ஓய்ந்ததும் அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அமலி அக்கா

சன்னிவேல்
9 அக்டோபர் 2023

அக்கா,

சிபாரிசு வேண்டாம். நீங்கள் நேராக அனுப்பிய வேறு மூன்று லேப்களின் குப்பிகளையும் வாங்கிச் சோதித்தேன். எல்லாம் அதே செல். என் கஞ்சி பாட்டில் அங்கெல்லாம் போகவில்லை.

நீங்கள் போனை எடுப்பதில்லை. ஜாக்சன் அண்ணன் நேற்று அவராகவே அழைத்தார்.

"மக்ளே, ஊசி போட்டா மீன்கறி திங்கலாமான்னு ஒங்க அக்காட்ட கேட்டுச் சொல்லு. நான் கேட்டா அழுதுருவா."

"அண்ணே, கொஞ்சம் பொறுத்து ஆரம்பிக்கக் கூடாதா?"

"பொறுக்கதுக்கு எனக்கு நேரம் எங்க பிள்ளே கெடக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் இப்போதே கீமோவுக்குத் திரும்ப முடியும். நீங்களே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமைவரை பார்ப்பேன். அப்புறம் நான் ஹூஸ்டனுக்கு எழுதுவேன்.

ஷைனா

பிரிட்ஜ்வாட்டர்
12 அக்டோபர் 2023

ஷைனா,

எழுது. அந்த டிரையலை நடத்துகிறவர்கள் என் லேபில் செல் வளர்த்தவர்கள். நீ என்ன எழுதினாலும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை ஜாக்சனுக்கு முதல் ஊசி. ஜெபித்துக்கொள்.

டாக்டர் அமலி தேவதாஸ்

சன்னிவேல்
4 மார்ச் 2024

அன்புள்ள அமலி அக்கா,

நீங்கள் சொன்னபடியே நடந்தது. ஹூஸ்டனுக்கு நான் எழுதியதை உங்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். உங்கள் ஒரு வரி அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அப்புறம் நான் மருந்துச் சோதனைகளைக் கண்காணிக்கும் அரசுத் துறைக்கு எழுதினேன். அவர்கள் விசாரிக்க நாளாயிற்று. அண்ணனிடம் நேரில் சொல்ல ஜனவரியில் ஹூஸ்டன் போனேன். அதற்குள் கீமோவைத் தாங்கும் உடம்பு அவருக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அமலி-3 பற்றி ஆய்விதழில் வரப்போகும் என் கட்டுரையை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஊரார் படிக்குமுன் நீங்கள் படிக்க வேண்டும். பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அதன் கடைசிப் பத்தியை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்.

"டிரையலில் சேர்ந்தவர்களில் எவருக்கும் கட்டி சுருங்கவில்லை. அவர்களில் ஒருவர், இந்தச் செல்களை உருவாக்கியவரின் தம்பி, பிப்ரவரி 11 அன்று இறந்தார். டிரையல் பிப்ரவரி 16 அன்று நிறுத்தப்பட்டது."

ஷைனா