கரியாலூருக்கு மேலே எத்தனை பேர்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

ஒரு ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற நேரத்தில் ஒரு குடும்பத்தின் கதை முழுக்கத் தெரிந்துவிடும். வடக்கனந்தலிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். காலை வணக்க ரோஜாப்பூப் படம் மட்டும் நாலாயிரம் சேர்ந்து அவர் ஃபோன் மூச்சு வாங்குகிறது. "எல்லாத்தையும் அழிச்சிடட்டுங்களா சார்?" என்றேன். "ஒண்ணு மட்டும் வேணாம் பாய்" என்றார். எந்த ஒன்று என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன். மனைவி தாஹிராவிடம் சொல்லிவிட்டேன்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், வாய் மூன்றும் உங்களுக்குக் கட்டுக்குள் இல்லை என்கிறாள். முதல் இரண்டுக்கு மாத்திரை இருக்கிறது.

6 ஆகஸ்ட், புதன்

என் கடை இருக்கிற கட்டடம் சுப்புராயனுடையது. 'மலையரசி' மினி பஸ்ஸும் அவருடையதுதான். மாலை ஆறு பத்துக்கு என் கடை வாசலில் கிளம்பி, மலையில் கரியாலூர் ஏறி, இன்னும் ஏழு கிலோமீட்டர் உள்ளே பாறைக்காடு வரை போகிற வண்டி. அந்த ஊருக்கு அதுதான் முதலும் கடைசியும். கடைசி ஏழு கிலோமீட்டர் காலியாக ஓடுகிறது என்று அவருக்குச் சந்தேகம். டிக்கெட்டைப் பார்த்தால் எல்லோரும் கரியாலூரிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

உண்மை வேறு. கண்டக்டர் சின்னதுரை கரியாலூருக்கு மேல் டிக்கெட் கிழிப்பதில்லை. "அங்க போறவங்ககிட்ட இன்னா பாய் இருக்குது, வாங்குறதுக்கு?" முதலாளியிடம் போய், "பதினாலு பேர் போறாங்கங்க, தலைய எண்ணித்தான் சொல்றேன்" என்பான். டிக்கெட் இல்லாத தலையை எந்த முதலாளி நம்புவார்?

அதனால் அவர் மருமகன் அறிவுச்செல்வன் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறான். வைஃபை திறந்திருக்கிற ஃபோன் சும்மா இருக்காதாம். 'யாராவது இருக்கீங்களா' என்று அக்கம்பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருக்குமாம். (என் மாமியார் நினைவுக்கு வந்தார்.) பெட்டி அந்தக் குரல்களை எண்ணும். குரல் நின்ற இடம், ஆள் இறங்கிய இடம். பேர் தெரியாது, பேச்சு தெரியாது, படம் தெரியாது, எண்ணிக்கை மட்டும். மூன்று வாரம் எண்ணிவிட்டு, ஓட்டுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்களாம்.

7 ஆகஸ்ட், வியாழன்

ஆறு மணிக்கு பஸ்ஸுக்கு நின்றவர்கள் பெட்டியைப் பற்றிக் கேட்டார்கள். வாய் சும்மா இருந்ததா? "உங்க ஃபோன்ல இருக்கிறதெல்லாம் அதுல தெரியும். யாரு யாருக்கு ரோஜாப்பூ அனுப்புறாங்க, எல்லாம். முதலாளி ராத்திரி டிவியில போட்டுப் பார்த்துக்கினு சாப்புடுறாரு" என்றேன். சத்தமாக ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த பையன் சட்டென்று ஃபோனைச் சட்டைக்குள் போட்டான். அப்படி ஒரு சிரிப்பு. எனக்கே கண்ணில் தண்ணீர்.

9 ஆகஸ்ட், சனி

என் நகைச்சுவை மலையேறிவிட்டது. சின்னதுரை சொன்னான்: "ஜனம் வண்டியில ஏறுனதும் ஃபோன அமுத்திடுது பாய். ஒரு பாட்டுச் சத்தம் இல்ல. சாவு வூடு மாதிரி போய்க்கினு இருக்குது வண்டி." பெருமையாக இருந்தது.

13 ஆகஸ்ட், புதன்

பாறைக்காட்டு ஜெயசுதா வந்தாள். இங்கே ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற பெண். காலையில் காய் ஏற்றி வரும் வண்டியில் இறங்கி, மாலையில் மலையரசியில் ஏறுவாள். ஆறு பத்தை விட்டால் வீடு இல்லை. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. சிரிக்காமல் கேட்டாள்:

"பாய், நெசமாவே அதுல படமெல்லாம் தெரியுமா? பாப்பா குளிக்கிற படம் இருக்குது. பாப்பாவ ஆம்பளைங்க பாப்பாங்களா?"

'விளையாட்டுக்குச் சொன்னேம்மா' என்று சொல்லியிருக்கலாம். ஐந்து பேர் எதிரில் நின்றிருந்தார்கள். சொன்னால் ஜோக் செத்துவிடும். "குடும்மா, அமுத்தித் தரேன். வண்டியில இத மட்டும் தொறக்காத" என்று நானே வைஃபையை அணைத்துக் கொடுத்தேன். அடுத்து நின்ற நாலு பேரும் வரிசையாக நீட்டினார்கள். எல்லாவற்றையும் அணைத்தேன். சேவைக்குக் காசு வாங்கவில்லை என்று வேறு சொல்லிக்கொண்டேன்.

25 ஆகஸ்ட், திங்கள்

சுப்புராயன் வாடகைக்கு வந்தவர், "கரியாலூருக்கு மேல ரெண்டு ஃபோன் பாய். அதுல ஒண்ணு டிரைவருது. சின்னதுரை பதினாலுன்னு கதை வுடுறான்" என்றார். ஒன்றாம் தேதியிலிருந்து கரியாலூரோடு நிறுத்தம்.

என் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. இறக்கி வைக்க இடம் தெரியவில்லை.

26 ஆகஸ்ட், செவ்வாய்

"இப்பவே போய்ச் சொல்லிடுங்க" என்றாள் தாஹிரா. போனேன். டீ கொடுத்தார். வாத்தியாரின் ரோஜாப்பூக் கதையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். வந்துவிட்டேன்.

பெட்டியைக் கெடுத்தவன் நான் என்று தெரிந்தால் கடையைக் காலி செய்யச் சொல்வார். பஸ் ஸ்டாண்டு எதிரில் இந்த வாடகைக்கு எவன் கொடுப்பான்? — இதுதான் காரணமா? இல்லை, கோமாளி என்று பேர் எடுத்தவனுக்குக் குற்றவாளி என்று பேர் எடுக்க மனம் வரவில்லையா?

1 செப்டம்பர், திங்கள்

நிறுத்தியாயிற்று.

18 செப்டம்பர், வியாழன்

ஜெயசுதா டார்ச் ஆப் போட்டுத் தரச் சொன்னாள். கரியாலூரில் இறங்கி, மரவள்ளிக்கு உரம் ஏற்றிப் போகிற பிக்கப் வண்டி கிடைத்தால் மூட்டை மேல் உட்கார்ந்து போகிறாளாம். கிடைக்காத நாள் நடை.

"பயமா இல்லியாம்மா?"

"காட்டெருமைக்கு பயந்தா வேல போயிடும் பாய். அது ஓரமா நிக்குது, நான் ஓரமா போறேன்."

அவளே சிரித்தாள். நான்தான் சிரிக்கவில்லை. டார்ச்சை முதல் பக்கத்திலேயே வைத்துக் கொடுத்தேன். பக்கத்தில் வைஃபை அடையாளம் சாம்பல் நிறத்தில் இருந்தது. தொடவில்லை.

10 அக்டோபர், வெள்ளி

நேற்று மாலை மழை. தீபாவளி நெரிசலில் ஜவுளிக்கடையில் வேலை அதிகம், ஆனாலும் ஜெயசுதா ஓடி வந்து வண்டியைப் பிடித்தாள். ஏறும்போது எனக்குக் கை காட்டினாள். கரியாலூரில் இறங்கிப் பிக்கப்பில் ஏறியிருக்கிறாள். மூட்டை மேல் நாலு பேர். மூன்றாவது வளைவில் வண்டி சாய்ந்துவிட்டது. மூன்று பேருக்குக் கை கால் முறிவு.

ஜெயசுதா மூட்டைகளுக்கு அடியில்.

பேப்பரில் நாலு வரி. 'மழையால் சாலை வழுக்கியதே காரணம்.' மழையாம்.

ஜும்மாவுக்குப் போனேன். என்ன ஓதினேன் என்று தெரியவில்லை.

11 அக்டோபர், சனி

ஆகஸ்ட் ஆறாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'பேர் தெரியாது, பேச்சு தெரியாது, படம் தெரியாது, எண்ணிக்கை மட்டும்.' என் கையெழுத்துதான். தெரியாமல் செய்தேன் என்று அல்லாஹ்விடம்கூடச் சொல்ல முடியாதபடி நானே எழுதி வைத்திருக்கிறேன்.

14 அக்டோபர், செவ்வாய்

சுப்புராயனிடம் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை அவர். சின்னதுரையும் இருந்தான். அவனைக் காட்டிச் சொன்னார்:

"நீ சொன்னது ஜோக்கு. நான் நம்புனது மிஷினு. ஆள ஆளா எண்ணுனவன் இவன் ஒருத்தன்தான். இவனத்தான் ரெண்டு பேரும் பொய்யன் ஆக்குனோம்."

சின்னதுரை தரையைப் பார்த்தபடி, "கடைசி வரைக்கும் டிக்கெட் கிழிச்சிருக்கணும்ங்க. நானும்தான்" என்றான்.

தீபாவளி கழித்து ஒரு மாதம் பாறைக்காடு வரை ஓட்டிப் பார்க்கிறாராம். அதற்கு மேல் ஓட்ட, டீசல் கட்டுப்படியாகாது என்கிற, வண்டியில் பங்குள்ள அவர் பங்காளியும் மருமகனும் தலையாட்ட வேண்டும். அவர்களிடம் பெட்டிதான் பேச வேண்டும். கடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

27 அக்டோபர், திங்கள்

வண்டி ஓடுகிறது. தினமும் ஆறு மணிக்கு வரிசையில் போய் நிற்கிறேன். "வைஃபைய தொறந்து வைங்க, பெட்டி ஒண்ணும் பாக்காது, நான் சொன்னது பொய்" என்கிறேன். சிரிக்கிறார்கள். "இன்னா பாய், புது ஜோக்கா?" என்கிறார்கள். ஒரு பெரியவர் ஃபோனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். பொய்யை ஒரு தடவைதான் சொன்னேன், மலை முழுக்க நம்பியது. உண்மையை ஆறு நாளாகச் சொல்கிறேன்.

பெட்டியில் நேற்று: இரண்டு.

8 நவம்பர், சனி

ஜெயசுதாவின் கணவர் வெங்கடேசன் வந்தார். அவள் சேலை மடித்துக்கொண்டிருந்த ஜவுளிக்கடையின் கிடங்கிலேயே மூட்டை தூக்கும் வேலை கொடுத்திருக்கிறார்களாம். உடைந்த ஃபோனை மேசை மேல் வைத்தார். "பாப்பா படமெல்லாம் எடுக்க முடியுங்களா?"

கண்ணாடியை மாற்றினேன். முதலில் ஒன்றை உடைத்தேன். இரண்டாவது ஒட்டியது. திரை எரிந்தது. குழந்தை தலையில் தண்ணீரோடு சிரித்தது. மேலே வைஃபை அணைந்தே இருந்தது. என் விரல் அணைத்தபடி.

"நீங்க சொன்ன மாதிரிதான் பாய். வண்டியில ஏறுனா அத தொடவே தொடாது. பாய் சொன்னாருன்னு சொல்லும்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, ஜோக், டீ, வாடகை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். ஃபோனைத் துடைத்து எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

11 நவம்பர், செவ்வாய்

தாஹிரா போட்ட சோற்றைத் தட்டோடு மூடி வைத்துவிட்டுக் கடைக்கு வந்தேன்.

12 நவம்பர், புதன்

ஆறு மணிக்கு வெங்கடேசன் கடைக்கு வந்தார். இரண்டு ஃபோன்களை நீட்டினார். ஒன்று அவருடைய பழையது. மற்றது நான் கண்ணாடி மாற்றியது.

"தொறந்து குடுங்க."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான். அதுவும் வூட்டுக்கு வந்துச்சுன்னு எண்ணட்டும்."

திறந்து கொடுத்தேன். வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஃபோனை வேட்டி மடிப்பில் வைத்திருந்த பெரியவர் முதலில் வந்தார். பிளாஸ்டிக் பையைப் பிரிக்க அவருக்கு நேரமானது. பிறகு இரண்டு பெண்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

20 நவம்பர், வியாழன்

மருமகன் பட்டியல் காட்டினான். இந்த எண்ணிக்கைக்கு வண்டியை நிறுத்த வேண்டாம் என்று பங்காளியும் ஒப்புக்கொண்டாராம். ஆனால் ஒரு வாரமாக ஒரு சின்னத் தப்பு வருகிறதாம். பெட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றான். வேண்டாம் என்று சின்னதுரையும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

நேற்று பாறைக்காட்டில் இறங்கிய ஃபோன், பெட்டிக் கணக்கில் பதினைந்து. சின்னதுரை எண்ணிய தலை பதினாலு.