ஏரிக்கரையிலிருந்து ஒரு படம்

கண்ணம்மா,

நேற்று நீ அனுப்பிய ஏரிப் படம் பார்த்தேன். ஜெர்மனிக்காரர்களே அதிகம் போகாத இடம் என்றாய். போன வாரக் கோட்டைப் படத்தில் உன் தோழிகள் இருந்தார்கள். இதில் யாருமே இல்லை.

இங்கே நம் எடிசன் ஊரில் குளிர் தொடங்கிவிட்டது.

அப்பா உன் வாய்ஸ் மெசேஜையே போட்டுப் போட்டுக் கேட்கிறார். இப்போதெல்லாம் இங்கிலீஷிலேயே பேசுகிற நீ, நேற்று தமிழில் "அம்மா, நான் போறேன்" என்றாய். "போயிட்டு வரேன்னு சொல்லணும்னு அவளுக்குத் தெரியலை, அவ்வளவுதான்" என்கிறார். நானும் "ஆமா" என்றேன்.

சின்ன வயதில் ஸ்கூல் பஸ் ஏறும்போது தினமும் "போயிட்டு வரேம்மா" என்றுதான் கத்துவாய். அவர் அதற்குள் ஆபீஸ் ரயிலேறிப் போயிருப்பார். அவருக்குத் தெரியாது.

நேற்றிலிருந்து நீ போன் எடுக்கவில்லை. அங்கே சிக்னல் இருக்காது. சிக்னல் கிடைத்ததும் "வரேன்" என்று மட்டும் அனுப்பு.

அம்மா