இருநூற்று எழுபத்து மூன்று

திருத்தணி,
25-7-1946

அன்புள்ள தமயந்திக்கு,

இங்கே எல்லோரும் க்ஷேமம். கிருத்திகைக் காவடிக் கூட்டம் இன்னும் கலையவில்லை. அரோகரா சத்தத்தில் என் படிப்பு காற்றோடு போகிறது. செப்டம்பரில் பௌதிகத் தாளை மறுபடி எழுதுகிறேன். தேறினால்தான் உன்னைக் கொடுப்பேன் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாயு மூலக்கூறுகளின் வேகக் கணக்குதான் போன தடவை என்னைக் கவிழ்த்தது. நீ வகுப்பில் முதல். அத்தை மகனுக்காக உன் கையாலேயே போட்டு அனுப்பேன். தேறியதும் மாமாவிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அதை இப்போது சொல்ல மாட்டேன்.

உன் பாவா,
கஜபதி

சென்னை,
29-7-1946

பாவாவுக்கு நமஸ்காரம்.

பத்துக் கணக்குகள் போட்டு அனுப்பியிருக்கிறேன். கேள்வியில் கொடுத்த சென்டிகிரேட் டிகிரியை அப்படியே சூத்திரத்தில் போடுங்கள். மனப்பாடம் செய்தால் போதும். விடுதிச் சாப்பாட்டில் உப்பில்லை, உறைப்பில்லை. ஆனாலும் ஊர் நினைவு வரவில்லை, கோபிக்க வேண்டாம்.

தமயந்தி

திருத்தணி,
4-8-1946

அன்புள்ள தமயந்திக்கு,

புத்தகத்தில் டிகிரியோடு 273 கூட்டச் சொல்லியிருக்கிறது. உன் வழியில் போட்டால், பூஜ்ய டிகிரியில் மூலக்கூறு அசையாமல் நிற்கிறதே? எது சரி? நீ சொல்வதையே எழுதுகிறேன்.

உன் பாவா,
கஜபதி

சென்னை,
8-8-1946

பாவாவுக்கு,

அந்தப் பழைய புத்தகத்தை மூட்டை கட்டுங்கள். எதையும் கூட்ட வேண்டாம். குளிரில் மனிதரே முடங்கும்போது மூலக்கூறு நிற்காதா? என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் கேட்டிருக்கவே வேண்டாம்.

தமயந்தி

திருத்தணி,
10-11-1946

தமயந்திக்கு,

தேறவில்லை. பூஜ்ய டிகிரியில் ஆக்சிஜன் மூலக்கூறின் வேகம் என்ன என்று கேட்டிருந்தார்கள். பூஜ்யம் என்று எழுதினேன்.

அரக்கோணத்தில் பௌதிக ஆசிரியர் பஞ்சாட்சரத்திடம் உன் கடிதங்களைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மொதல்ல வர்ற பொண்ணு இத்த தெரியாம எழுதலப்பா. நீ வேணாம்னு எழுதிக்கினு இருக்குது" என்றார்.

மாமாவிடமும் காட்டினேன். "இதுக்கா அவள படிக்க வெச்சேன்? போதும், கூட்டிகினு வந்துடறேன்" என்றார். தேறினால்தான் பெண் என்ற பேச்சும் அன்றோடு போயிற்று. தையில் மலைமேல் கல்யாணம்.

நான் கேட்க நினைத்தது இதுதான்: நீ பட்டம் வாங்கும்வரை கல்யாணத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று. இப்போது கேட்கவில்லை.

பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் விலகியிருப்பேன். இனி விலக மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மாமா வருகிறார். புத்தகங்களைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடு. பூஜ்ய டிகிரியிலும் மூலக்கூறு நிற்காதாம். விநாடிக்கு நானூற்று அறுபத்தொரு மீட்டர் ஓடுமாம். நீ பெட்டியோடு விடுதி வாசலில் நில்.

கஜபதி