உன் நோட்டில் நான் எழுதிய வரி

அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்க மாட்டேன். எனக்குக் கெட்ட பேர் வரும் என்று எதையும் விடவும் மாட்டேன்.

இன்று பள்ளி விட்டு வந்ததும் பெரியம்மா உன் துணிப்பையை உதறிக் காயப்போடச் சொன்னார். அடியில் கண் ஆயின்மென்ட் ட்யூப் கிடந்தது, வாலைச் சுருட்டி வைத்தபடி. மூடியைத் திறந்தேன். வாசலைன் போன்ற மங்கிய வாடை. கிணற்றடி மோட்டார் ரூமில் நாம் இருவரும் குந்தியிருந்தது அப்படியே முன்னால் வந்து நின்றது.

அப்போது நீ நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் கடைசி வருஷம். அதுவரை மாட்டையும் ஆட்டையும்தான் தொட்டிருந்தாய். சென்னையில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு கிளி, முயல், ஆமை, பாம்பு என்றே பேசினாய். அவற்றின் கண் நோய்கள், உயிர் போகும் நேரத்தில் செய்யவேண்டியவை எல்லாம் ஒரு நீள நோட்டில் பச்சை மசியில் இருந்தன. பயிற்சி எடுத்த ஒவ்வொருவரும் ஒரு பிராணிக்குத் தானே வைத்தியம் பார்த்து, முதல் நாளிலிருந்து முடிவு வரை எழுதித் தரவேண்டும். "பீளமேட்டுல பாம்புக்கு நான் எங்க போறது?" என்று சிரித்தாய்.

நீ விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே உக்கடம் ஜவுளிக்கடை பாய் பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். உள்ளே உள்ளங்கை அளவு ஆமை, காதோரம் சிவப்புக் கோடு. அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. இரண்டு கண்களும் பட்டாணி போல வீங்கி மூடியிருந்தன.

"டாக்டரம்மா, பத்து நாளாக் கண்ணே தொறக்கலம்மா. பன்னு வெச்சாக்கூட மோந்து பாக்க மாட்டேங்குது."

"பன்னு மட்டுந்தான் குடுத்தீங்களா?"

"ஆறு மாசமா அதத்தான் ஆசையாத் தின்னுச்சும்மா."

"ஆறு மாசம் வெறும் பன்னுக் குடுத்தா உங்க கண்ணும் இப்படித்தானுங்க பாய் ஆகும்."

என் அம்மா வாசலிலேயே மறித்தார். "ஆமையவா? அது ஊட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிருவேன், பாத்துக்க."

"சித்தி, இது சிங்கப்பூர் ஆமைங்க. நம்மூர் சாஸ்திரமெல்லாம் இதுக்குத் தெரியாதுங்க" என்றாய். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வாளி மோட்டார் ரூமோடு நின்றது.

உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து இமையை நீ மெல்லத் துடைப்பாய். தயிர்க்கட்டி போலச் சீழ் வரும். முன்னங்காலில் வைட்டமின் ஊசி போடுவாய். ஊசிக்குழாயில் மருந்து எந்தக் கோட்டில் நிற்கிறது என்று மூன்று தடவை பார்ப்பாய். மாட்டுக்குப் போட்டுப் பழகிய கை, ஆமைக்கு அதிகம் போனால் தோல் உரிந்துவிடும் என்பாய்.

ஒரு மதியம், வெயிலாக இருக்கிறதே என்று நான் வாளியில் தண்ணீரை நிறைய ஊற்றிவிட்டேன். கண் தெரியாத ஆமை மேலே வர வழி தெரியாமல் அடியில் கிடந்தது. நீ ஓடிவந்து அதைத் தலைகீழாகப் பிடித்துக் கழுத்தை நீட்டினாய். வாயிலிருந்து தண்ணீர் வடிந்தது. முன்கால்களை இழுத்து இழுத்து உள்ளே தள்ளினாய். அரை மணி நேரம் கழித்து அது வாயைத் திறந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

நீ நோட்டை எடுத்து, தங்கை தவறுதலாக அதிகத் தண்ணீர் ஊற்றினாள் என்று எழுதினாய்.

"அத விட்டுருக்கா."

"தப்பையும் எழுதோணும் அம்மணி. இதப் படிக்கறவங்க அதே தப்பச் செய்யக்கூடாதில்ல?"

விடுமுறை முடிந்து நீ போனபோது ஆமையையும் நோட்டையும் என்னிடம் விட்டுப்போனாய். தினம் இரண்டு வேளை மருந்து போட்டேன். கண் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் நீ காய்ச்சலோடு வந்தாய். மூளைக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று சாயங்காலமே அம்மா ஆட்டோ பிடித்தார். "அது போனாத்தான் அவ பொழைப்பா" என்றார். அது அறிவில்லாத பேச்சு என்று எனக்குத் தெரியும். ஆனாலும், ஒருவேளை நிஜமாக இருந்தால் என்ற பயத்தில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். சிங்காநல்லூர் ஏரியில் நான்தான் வாளியைக் கவிழ்த்தேன். அது நீந்தவில்லை.

மறுநாள் நீ கண் விழித்துக் கேட்டது ஒன்றுதான்.

"ஆமைக்குக் கண்ணு தொறந்துச்சா?"

"தொறந்துருச்சுக்கா. ரெண்டும்."

"பாக்குதா?"

"பாக்குது. கேரட்ட எட்டிக் கடிச்சுது."

கேரட்டை நீ கேட்கவே இல்லை. நானாகச் சேர்த்தேன். உன் உதடு விரிந்தது. "எழுதிப்போடு. முடிவு எழுதாட்டி அவங்க ஏத்துக்க மாட்டாங்க."

வீட்டுக்கு வந்து, உன் பச்சைப் பேனாவால், உன் கையெழுத்தைப் போலவே எழுதினேன்: "இரு கண்களும் திறந்தன. பார்வை உள்ளது." இரண்டு நாளில் நீ போய்விட்டாய். பாய் வந்து வாசல் கேட் ஓரமாக நின்றார். ஆமையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் காரியத்துக்கு வந்த தோழிகள் நோட்டை எடுத்துப்போனார்கள். பிறகு ஒருவர் பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதினார். உன் வைத்தியம் மிக நன்றாக வந்திருக்கிறதாம், எல்லோரும் நகல் எடுத்துக்கொண்டார்களாம். பன்னு தின்று கண் மூடிய ஆமை எங்காவது வந்தால், உன் முறைப்படி மருந்து போட்டுவிட்டு, திறக்கும் என்று அவர்கள் காத்திருப்பார்கள். திறந்திருக்குமா என்று எனக்கே தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

பெரியம்மா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். போன வாரம், "பெரியம்மா, அந்த ஆமை..." என்று ஆரம்பித்தேன். "ஆமா கண்ணு. அதுக்காச்சும் கண்ணு கெடச்சுதே" என்று என் தலையைத் தடவினார். நீயும் டாக்டருக்கே படி என்கிறார். சரிங்க பெரியம்மா என்கிறேன்.

தப்பை எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன். ஆனால் இதை யாரிடமும் காட்டப்போவதில்லை. அதனால் இது எழுதாததற்குச் சமம்தான். இமையைத் தொட்டால் அந்த ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் நீட்டியே வைத்திருக்கும். அந்தச் சின்னக் கனம் இன்னும் என் இடது உள்ளங்கையில் இருக்கிறது.

நான் இங்கே உட்கார்ந்து எழுதுவது தெரியாமல், கூடத்தில் யாரும் இல்லை என்று நினைத்துப் பெரியம்மா விளக்கை அணைத்துவிட்டார்.