விசிலை எங்கே கட்டுவது

12 நவம்பர் 1974, செவ்வாய்

இன்றும் பனி விலகவே மத்தியானம் ஆயிற்று. டீ ஃபாக்டரியில் தூள் சலித்து மூக்கெல்லாம் கருப்பு. இவர் அணையிலிருந்து குளிரில் பல் கிடுகிடுக்க வந்து சேர்ந்தார். மதகுக் கம்பியில் மரமும் சேறும் அடைத்துக் கிடக்கிறதாம். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடிக்குப் போய் எடுக்கவேண்டும். தூத்துக்குடியில் சங்கு குளித்த ஆள் என்று காண்டிராக்டர் கூட்டிவந்தார். வந்த இடத்தில் இவர் என்னையும் கட்டிக்கொண்டார். கடல் தண்ணீர் எங்கே, இந்த மலைத் தண்ணீர் எங்கே? சொன்னால் சிரிக்கிறார்.

14 நவம்பர், வியாழன்

விசிலும் சின்ன டார்ச்சும் கொடுத்திருக்கிறார்கள். பனியில் படகை விட்டுத் தள்ளி மேலே வந்தால் ஊதவேண்டுமாம். இவர் இரண்டையும் இடுப்பில், ஈய பெல்ட்டில் கட்டி வைத்திருக்கிறார். ஆளை அடியில் இருத்துவது அந்த ஈயம்தான். ஆபத்து என்றால் முதலில் கழற்றி விடுவதும் அதைத்தான்.

"அப்ப விசிலும் சேர்ந்துல்ல போயிரும்?" என்றேன்.

"ஏ புள்ள, கை தானா போறது இடுப்புக்குத்தான். கழுத்துல கட்டுனா கம்பியில மாட்டி இழுக்கும். நீ போயி டீத்தூளைப் பாரு."

கழுத்துக் கயிறு ஆபத்து, சரி. சிலிண்டர் வார் தோள் வழியாகத்தானே வருகிறது? அதில் நெஞ்சுப் பக்கமாக வைத்தால் எந்தக் கைக்கும் எட்டுமே. இந்த மனுஷனுக்கு யார் சொல்வது.

17 நவம்பர், ஞாயிறு

பழைய படுதாத் துணியில் ஒரு சின்னப் பை தைத்தேன். வாரில் கோத்து பித்தான் போடுகிற மாதிரி. "பொண்டாட்டி தச்ச பையைத் தொங்கவிட்டுட்டுப் போனா படகுல சிரிப்பானுவ" என்று ஆணியில் மாட்டிவிட்டார்.

படகோட்டி பொன்ராஜ் தம்பி வந்திருந்தார். தலையைத் தூக்கியதும் இவர் செய்கிற முதல் வேலை பெல்ட்டைக் கழற்றுவதுதானாம். சங்குக்குக் கல்லைப் பிடித்து இறங்கி, அடியில் கல்லை விட்டுவிட்டு வந்தே பழகிய உடம்பு. மேலே வரும்போது இடுப்பில் கனம் பொறுக்காது. "படகு பக்கத்துல இருந்தா நான் வாங்கிக்கிடுவேன் மதினி" என்றார். இல்லாவிட்டால்?

20 நவம்பர், புதன்

சண்டை. இரண்டு பேரும் பேசவில்லை. பை ஆணியிலேயே இருக்கிறது.

21 நவம்பர், வியாழன்

பொன்ராஜ் ஃபாக்டரி வாசலில் நனைந்துபோய் நின்றார். "மதினி, அண்ணனுக்குக் கட்டுன கயிறு மட்டும் வந்துச்சு. அண்ணனைக் காணும். பனியில என் கையே எனக்குத் தெரியல. சுத்திச் சுத்தி வந்தோம். ஒரு விசில் சத்தம் இல்ல."

நேற்றுப் பேசியிருக்கலாம். என்னத்தை எழுத?

22 நவம்பர், வெள்ளி

கரையில் நின்றேன். காட்டுப் பக்கம் ஏறியிருப்பார் என்கிறார்கள். தலையாட்டினேன். எனக்கு நம்பிக்கை இல்லை. சாமியையும் கூப்பிடத் தோன்றவில்லை.

23 நவம்பர், சனி

பொன்ராஜே சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினார். பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தோள் வாரில் மாட்டிக்கொண்டார்.

மதகுக்கு வெகு தூரம் தள்ளி, அடியில் இவருடைய பெல்ட் கிடந்தது. கழற்றிப் போட்ட பெல்ட். கூட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. "அப்ப மேல வந்துட்டாருல்ல, எங்கேயாவது கரையேறியிருப்பாரு" என்று காண்டிராக்டரின் ஆள் என்னிடமே சொன்னான்.

மேலே வந்திருக்கிறார். எனக்கும் தெரிகிறது. விசிலும் டார்ச்சும் அந்த பெல்ட்டில், இவர் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தன. படகு ஒரு பக்கம் சுற்ற, இவர் மறுபக்கம் பனிக்குள் வெறும் வாயோடு கிடந்திருக்கிறார். பாவி மனுஷா. சொன்னேனே.

25 நவம்பர், திங்கள்

அக்கரை நாணல் ஓரம் கிடைத்தார். குளிர்தான் கொன்றது என்றார்கள்.

8 டிசம்பர், ஞாயிறு

அக்கரையில் கேப்பைப் பயிர் போட்டிருக்கும் ஒருத்தி வந்தாள். அழகுத்தாய் என்று பெயர். முன்பின் பார்த்ததில்லை. காப்பி கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்தாள்.

"யக்கா, அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு. பனிக்குள்ள ஒரு ஆம்பளை ஓன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. யானை எறங்குனா நாங்க அப்படித்தான் கத்துவோம். பக்கத்துக் காட்டுக்காரருதான் வெரட்டுறாருன்னு நெனச்சுட்டேன். விசிலுகிசிலு கேட்டிருந்தா என்னமோன்னு ஓடியாந்திருப்பேன், யக்கா."

அவள் மேல் கோபம் வரவில்லை. நான் அங்கே இருந்திருந்தாலும் யானை என்றுதான் நினைத்திருப்பேன். ரொம்ப நேரம் கத்தினாரா என்று கேட்டேன்.

"இல்ல யக்கா. தொணைக்கு இருக்கட்டும்னு நானும் பதிலுக்கு ஒரு சத்தம் கொடுத்தேன். அதோட நிறுத்திட்டாரு."

ஆள் வருகிறது என்று நினைத்திருப்பார்.